இருபத்து மூன்று பேர், இருபத்தாறு சீட்டு

நாரின் பள்ளத்தாக்கு, கரா-புலாக்.
கணப்பு செத்துப்போன கலாச்சார மாளிகை.
சுவரில் விண்வெளி வீரன் ஒருவன்
முழங்காலுக்குக் கீழே காரை உதிர்ந்தும்
இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கிறான்.

பிஷ்கேக்கிலிருந்து ஏழு மணி நேரம்.
தாள் பலகை, நான்கு நிறப் பேனா,
"குடிமைக் கல்வி: முதல் நாள்" என்ற கையேடு.
உனக்குச் சம்பளம் தருவது எந்த நாடு என்றார்கள்.
சொன்னேன்.
"அங்கே குழாயில் தண்ணீர் வருகிறதா?"
வருகிறது என்றேன்.
கேட்டவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

பதினான்காம் பக்கம்: மாதிரித் தேர்தல்.
சண்டை வராத பொருளாக எடுங்கள் என்கிறது கையேடு.
இடைவேளைக்கு என்ன வேண்டும்,
பால் தேநீரா, வெறும் தேநீரா?
காலணி அட்டைப்பெட்டியில் கத்தியால் ஒரு பிளவு.
எண்ணுவதற்கு சாதிர்குல்;
கூட்டுப்பண்ணையில் முப்பது ஆண்டு
ஆட்டுக்கணக்கு எழுதியவர்.

மண்டபத்தில் இருபத்து மூன்று பேர்.
பெட்டியில் இருபத்தாறு சீட்டு.

முதலில் ஒரு சிரிப்பு.
பிறகு எல்லாக் கண்ணும் சாதிர்குல் மேல்.
"பழைய கை சும்மா இருக்குமா!
செத்த ஆட்டையே சினையென்று எழுதினவர் இவர்!"
அவர் காது மடல் சிவந்தது.
ஒன்றும் சொல்லாமல் மறுபடி எண்ணினார்,
ஒவ்வொரு சீட்டாக விளக்குக்கு நேரே தூக்கிக் காட்டி,
குழந்தைக்கு நிலா காட்டுகிற மாதிரி.
இருபத்தாறு.

"மூன்று என்னுடையது" என்றாள் புருல்சா.
கூச்சமே இல்லை அவள் குரலில்.
"தலாய், எர்கின்பெக், அவங்க அப்பா.
எப்போதும் நான்தானே போடுகிறேன்?
பையன்கள் மாஸ்கோவில் பனி வாருகிறார்கள்.
அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு,
பட்டியலில் பெயர் இருக்கிறதே."

கள்ள ஓட்டு என்று நான் வாயெடுக்கும் முன்
மண்டபம் இரண்டாகப் பிளந்தது.
இல்லாதவனுக்கு என்ன ஓட்டு?
அவன் பணம் அனுப்பாவிட்டால்
உன் கடையில் மாவு வாங்க யார் இருக்கிறார்கள்?
அப்படியானால் அவனையே கேள்!
கேட்கிறேன், கேட்டால் என்ன!
கையேட்டைப் புரட்டினேன்.
இதற்குப் பக்கம் இல்லை.

புருல்சா கைபேசியை எடுத்தாள்.
எர்கின்பெக் எடுக்கவில்லை, வேலை நேரம்.
தலாய் எடுத்தான்.
அவனுக்குப் பின்னால் ஏதோ வண்டி இரைந்தது.
"பால் தேநீர்தானே உனக்கு, கண்ணே?"
"இல்லம்மா. வெறும் தேநீர்."
"எப்போதிலிருந்து?"
"எப்போதுமே.
நீ ஊற்றித் தருவாய், குடித்துவிடுவேன்."

அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.
தேர்தல் நடக்காத வீடாக இருந்திருக்கிறது அவளுடையது,
எல்லாம் ஒருமனதாக.
பெட்டிக்குப் போய்
தன் கையெழுத்தைத் தேடித் தேடி
மூன்று சீட்டை வெளியே எடுத்தாள்.
தலாயுடையதைக் கிழித்தாள்.
எர்கின்பெக்குடையதை மேசையில் வைத்து
மேலே பேனாவை வைத்தாள், பறக்காமல்.
கணவனுடையதை மட்டும்
மடித்து, மடித்து, இன்னும் மடித்து
தலைக்குட்டை முனையில் முடிந்துகொண்டாள்.

அதைத் தா என்று யாரும் கேட்கவில்லை.
சட்டப்படி கேட்டிருக்க வேண்டும்.
நானும் கேட்கவில்லை.

அப்போது அனார்கான்
சமையலறையிலிருந்து தட்டோடு வந்தாள்.
இருபத்து நான்கு கிண்ணம்.
எல்லாவற்றிலும் பால்.
"மத்தியானமே ஊற்றிவிட்டேனே,
இதற்கெல்லாம் எதற்குக் காத்திருப்பது?"

கைகள் பழக்கத்தில் நீண்டன.
என் கையும்தான்.
சாதிர்குல் மட்டும் தன் கிண்ணத்தை
விளிம்பு நோகாமல் கீழே வைத்தார்.
"எண்ணி முடிக்கட்டும்."

ஒருவர் பின் ஒருவராக வைத்தார்கள்,
சிலர் ஒரு மிடறு குடித்துவிட்டு.
மாஸ்கோவில் எர்கின்பெக்கின் வேலை முடிய
இன்னும் நாற்பது நிமிடம்.
மேசை முழுக்க
பாலில் மெல்ல ஆடை படிந்துகொண்டிருந்தது.